மழைக்காலத்தில் தேனீக்கு எந்தச் சீனி கொடுப்பது? மதுரைப் பக்கத்துக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தேனீ வளர்ப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி இது. வெள்ளைச் சீனி கொடுக்கலாமா, நாட்டுச் சர்க்கரைதான் நல்லதா, கருப்பட்டி வாங்கிக் கரைக்கலாமா, அல்லது தேனை எடுக்காமல் பெட்டியிலேயே விட்டுவிடலாமா? அலங்காநல்லூர், வாடிப்பட்டி, நத்தம், சிறுமலை அடிவாரம் எனத் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் ஐந்து பெட்டி, பத்துப் பெட்டி வைத்திருப்பவர்கள் இதில் குழம்பித்தான் நிற்கிறார்கள். கைபேசியில் தேடினால் வருவதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனை. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "சீனி நமக்கே விஷம், பூச்சிக்கு ஏன் கொடுக்கிற? கருப்பட்டி கொடு" என்பார்கள்.

இரண்டும் நம் பெட்டிக்குப் பொருந்தாது. குளிர் நாடுகளில் தேனீ மாதக்கணக்கில் வெளியே வரமுடியாமல் பெட்டிக்குள்ளேயே கொத்தாகத் திரண்டு கிடக்கும். அதனால் பனி தொடங்கும் முன்பே ஒரு பெட்டிக்கு இருபது, முப்பது கிலோ தேன் இருப்பு இருக்க வேண்டும் என்பார்கள். இருப்பு குறைந்தால் இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டிப் பாகாகக் கொடுப்பார்கள். கடுங்குளிரில் சீனிக் கட்டியாக வைப்பார்கள். அங்கே வளர்ப்பது ஐரோப்பியத் தேனீ. பெட்டியும் பெரிது.

நம் பக்கம் பெரும்பாலும் வளர்ப்பது இந்தியத் தேனீ. அடை கட்ட ஏழு மரச்சட்டம் கொண்ட சின்ன நியூட்டன் பெட்டி போதும் அதற்கு. நமக்குப் பஞ்சம் பனியால் வருவதில்லை. ஆடிக் காற்று பூவையெல்லாம் உலர்த்திவிடும்போது ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை பூந்தேனைக் கழுவிவிட்டுத் தேனீயையும் மூன்று நான்கு நாள் உள்ளேயே முடக்கும்போது இன்னொரு தடவை, ஆக இரண்டு பஞ்சம். முன்னது பரவாயில்லை, தென்னம்பாளை கொஞ்சம் தாங்கும். மழைப் பஞ்சம்தான் ஆபத்து. பசி வந்தால் இந்தியத் தேனீ இருந்து சாவதில்லை. ராணியோடு கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் வெறும் அடையும் அதில் நெளியும் மெழுகுப் புழுவும்தான் மிஞ்சியிருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தப்பாகும். நான் பார்ப்பது இவற்றை.

முதலில், அதில் இனிப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்பது. தேனீ பறக்கும்போதுதான் கழிவை வெளியேற்றும், பெட்டிக்குள் அசுத்தம் செய்யாது. உணவில் சாம்பல் சத்தும் (தாது உப்புகள்) பிசினும் கசடும் கூடக்கூடக் குடலில் கழிவு சேரும். வெயிலடித்தால் பறந்துபோய் இறக்கிவிடும், கவலையில்லை. அடைமழையில் நாலு நாள் வெளியே போக வழியில்லை என்றால் வயிற்றுப்போக்குதான்.

அடுத்தது எவ்வளவு நேரத்தில் புளிக்கும் என்பது. மதுரைச் சூட்டுக்கும் மழைக்கால ஈரத்துக்கும் எந்தப் பாகும் நாள்கணக்கில் நிற்காது. புளித்ததைக் குடித்த கூட்டம் தளர்ந்துபோகும்.

அப்புறம் எறும்பும் திருட்டும். வாசனை தூக்கலாக இருக்கும் உணவு, பெட்டிக்குச் சொந்தமில்லாத தேனீயையும் கட்டெறும்பையும் கூப்பிடும். பலம் குறைந்த கூட்டத்தைப் பக்கத்துப் பெட்டிக் கூட்டம் கொள்ளையடிப்பது பஞ்ச காலத்தில்தான் அதிகம்.

கடைசியாக, கொடுத்த இனிப்பு நாளைக்கு நாம் எடுக்கும் தேனில் கலக்குமா என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சாப்பிடுகிறவர்களுக்கு நாம் கொடுக்கும் வாக்கு இதில் இருப்பதால் எனக்கு இது முக்கியம்.

## வெள்ளைச் சீனி

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதுரைப் பக்கத்துச் சமவெளியில் பெரும்பாலோருக்கு இதுதான் சரி.

காரணம் எளிது. ஆலைச் சீனியில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சுக்ரோஸ். பல பூக்களின் பூந்தேனிலும் முக்கியமான இனிப்பு சுக்ரோஸ்தான். அதை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கும் நொதி தேனீயின் தலையிலுள்ள சுரப்பியிலேயே இருக்கிறது. ஆகவே சுத்தமான சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் தேனீக்கு அது பழக்கமான வேலை. வயிற்றில் கசடு தங்காது. வாசனை இல்லாததால் மற்ற கூட்டங்களையும் சட்டென்று இழுக்காது.

"ஆலைச் சீனியில் கந்தகம் போடுகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். நம்மூர்ச் சீனியில் பெரும்பகுதி கந்தகப் புகை காட்டி வெளுத்ததே. அதில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் தங்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவு விதி. கந்தகம் இல்லாத சீனி என்று பொட்டலத்தில் அச்சடித்து விற்பதை வாங்கினாலும் சரி. ஆனால் விலை கூடக் கொடுக்கும் அளவுக்குத் தேனீக்கு அதனால் பலன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு கிலோ சாதாரணச் சீனி வாங்கி வைப்பது மேல்.

குருணை பெரிதா சின்னதா என்பதும் பொருட்டல்ல, எப்படியும் கரைக்கத்தானே போகிறோம். கவனிக்க வேண்டியது வேறு. மூட்டை அடியில் தங்கிய தூள் சீனியைச் சில கடைகளில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அதில் சணல் நாரும் தூசியும் கலந்திருக்கும். கேக்குக்குப் போடும் மாவுச் சீனி வேண்டவே வேண்டாம். கட்டி பிடிக்காமல் இருக்கச் சோள மாவு சேர்த்திருப்பார்கள், அது தேனீக்குச் செரிக்காது. ரேஷன் சீனியும் நல்ல சீனிதான். கிலோ 25 ரூபாய்க்கு அரிசி அட்டைக்கு மாதம் 2 கிலோ வரை கிடைக்கிறது. வீட்டில் சீனி சேர்க்காதவர்கள் இருந்தால் அந்தப் பங்கைப் பெட்டிக்குக் கொடுக்கலாம். ஈரம் பட்டு வாடை அடிக்கிறதா என்று மட்டும் முகர்ந்து பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. சீனியில் இனிப்பு மட்டும்தான் உண்டு. தேனீக் குஞ்சான புழு வளர மகரந்தம் வேண்டும், அது சீனியில் இல்லை. மழையில் மகரந்தமும் கரைந்துபோவதால், பாகு மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரிய தேனீ பிழைக்கும், குஞ்சு வராது. தோப்பைச் சுற்றித் தென்னையோ மக்காச்சோளமோ இருந்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

## நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும்

கவுந்தப்பாடிச் சர்க்கரை, நெய்க்காரப்பட்டி வெல்லம் என நமக்கு நல்ல சரக்கு கிடைக்காமல் இல்லை. மனிதர்கள் சாப்பிட நானும் அதைத்தான் வாங்குவேன். தேனீக்கு மட்டும் கொடுக்கமாட்டேன்.

ஒரு தடவை கரைத்துப் பாருங்கள், நான் விளக்க வேண்டியிருக்காது. வெந்நீரில் அரைக் கிலோ வெல்லத்தைப் போட்டுக் கலக்கிவிட்டுச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். மேலே பழுப்பு நுரை ஏடாகக் கட்டும். அடியில் மணலும் நாரும் கறுத்த வண்டலும் உட்காரும். மல்துணியில் வடிகட்டினால் இவை போய்விடும். தண்ணீரில் கலந்துபோன உப்புகளும் பிசினும் போகாது. கரும்புச் சாறு காய்ச்சும்போது அழுக்கெடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெல்லத்தில் சுக்ரோஸ் நூற்றுக்கு 65 முதல் 85 பங்கு. மிச்சத்தில் வேறு இனிப்புகளும் ஈரமும் தாதுக்களும் அடங்கும். நமக்கு இரும்புச் சத்து என்று சொல்லித் தரும் அதே தாதுக்கள்தான் தேனீக்குக் குடலில் தேங்கும் கழிவு.

வெயில் நாளில் கொடுத்தால் பெரிய கேடு உடனே தெரியாது. அதனால்தான் "நான் வருஷாவருஷம் வெல்லம்தான் கொடுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் தொடர்மழை முடிந்து வெயில் தலைகாட்டும் காலையில் பெட்டி வாசலைப் பாருங்கள். பறக்கும் பலகையிலும் முன்சுவரிலும் பழுப்புக் கோடுகளாக எச்சம் வழிந்திருந்தால் வயிறு கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

புளிப்பதிலும் வெல்லப்பாகுதான் முந்தும். வாசனை வேறு ஊரைக் கூப்பிடும். பெட்டிக் கால்களுக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணத்தைத் தாண்டிக்கொண்டு எறும்பு வர ஒரு புல் நுனி சாய்ந்தால் போதும். விலையிலும் லாபமில்லை. கிலோவுக்குச் சீனியைவிடக் கூடுதலாகக் கொடுத்து, அதைவிடக் குறைந்த இனிப்பை வாங்குகிறோம்.

எப்போது கொடுக்கலாம்? நாளை மழை வரப்போகிறது, பெட்டி காலி, கடை பூட்டியிருக்கிறது, வீட்டில் வெல்லம்தான் இருக்கிறது என்றால், நன்றாக வடிகட்டி ஒரு வேளைக்குக் கொடுங்கள். ஓடிப்போவதைவிட அது மேல். மறுநாள் சீனிக்கு மாறிவிடுங்கள்.

## கருப்பட்டி

வெல்லத்துக்குச் சொன்னது அத்தனையும் இதற்கும் பொருந்தும். கூடுதலாக, பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். விலையும் சீனியைப் போலப் பல மடங்கு. அந்த விலைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் நம் தேனையே திருப்பிக் கொடுத்துவிடலாம். பனங்கற்கண்டு தெளிவாக இருக்கிறதே என்று கேட்கலாம். கெடுதல் குறைவுதான். ஆனால் வெள்ளைச் சீனி செய்யாத எதையும் அது தேனீக்குச் செய்துவிடாது.

## தேனை எடுக்காமல் விட்டுவிடுவது

தேனீக்கு இதைவிட நல்ல உணவு கிடையாது. வேம்பும் புங்கையும் பூக்கும் பங்குனி சித்திரையிலும், புளி பூக்கும் வைகாசி ஆனியிலும் அவை சேர்த்த இருப்பு அது. குஞ்சு வளரும் கீழ் அறையான புழு அறையில், அடைகளின் மேல் விளிம்பில் வில் மாதிரி வளைந்து மெழுகால் மூடியிட்ட தேன் இருக்குமே, அதில் யாரும் கை வைக்கக்கூடாது. கடைசி அறுவடையில் ஆசைப்பட்டு அதையும் பிழிந்தெடுப்பவர்கள்தான் கார்த்திகையில் சீனி மூட்டையோடு அலைகிறார்கள்.

மேலே உள்ள தேன் அறையையும் அப்படியே விட்டுவிட்டால் சீனியே வேண்டாமே என்று தோன்றும். இங்கேதான் மறைமுகச் செலவு. ஆடியிலிருந்து கூட்டம் சுருங்கும். சுருங்கிய கூட்டத்தால் இரண்டு அறையையும் காவல் காக்க முடியாது. ஆளில்லாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டுவிடும். ஆகவே நான் சொல்வது: ஆனி கடைசியில் தேன் அறையை இறக்குங்கள். முழுவதும் மூடியிட்ட அடை ஒன்றிரண்டை மட்டும் பெட்டிக்கென்று காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வையுங்கள். மூடியிடாத அடையை வைக்காதீர்கள். இந்தியத் தேனீயின் தேனில் ஈரம் அதிகம், பொங்கிவிடும். மழை பிடித்ததும் அந்த அடையைத் திரும்பக் கொடுத்தால், சீனிக்கு வேலையே வராமல் போகவும் கூடும்.

பணக் கணக்கு பார்த்தால் ஒரு கிலோ தேன் விலைக்குப் பல கிலோ சீனி வரும். தேன் விற்றுப் பிழைப்பவருக்கு இது கட்டாது. வீட்டுத் தேவைக்கு இரண்டு மூன்று பெட்டி வைத்திருப்பவருக்கு இதுவே முதல் வழி.

## கடைத் தேன், மிட்டாய்க் கடை ஜீரா, கரும்புச் சாறு

கடையில் வாங்கிய தேனை ஒருபோதும் கொடுக்காதீர்கள். எந்த ஊர்ப் பெட்டியில் எடுத்தது, அந்தப் பெட்டியில் என்ன நோய் இருந்தது என்று நமக்குத் தெரியாது. புழு அழுகல் நோயின் வித்து தேனில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 1991, 92 வாக்கில் தென்னிந்தியாவில் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் நச்சுயிரி நோய் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதைப் பார்த்த பழைய ஆட்கள் இன்றும் அடுத்தவர் அடையைத் தம் பெட்டிக்குள் விடமாட்டார்கள். அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும்.

மிட்டாய்க் கடைகளில் மிஞ்சும் ஜீரா மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும். வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய சீனியில் எச்.எம்.எஃப். என்ற பொருள் உண்டாகும், அது தேனீக்கு நஞ்சு. பாகு உறையாமல் இருக்க எலுமிச்சை பிழிந்து கொதிக்க வைப்பதையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்த நஞ்சு இன்னும் கூடும். உடைக்கிற வேலையைத் தேனீயே செய்துகொள்ளும். கரும்புச் சாறு சில மணி நேரத்தில் புளித்துவிடும், அதோடு முடிந்தது.

## ஒரே பார்வையில்

| எது | வயிற்றுக்கு | புளிப்பு | எறும்பு, திருட்டு | செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| வெள்ளைச் சீனி | சுத்தம் | மெதுவாக | குறைவு | குறைவு | சமவெளியில் பெரும்பாலோருக்கு |
| வெல்லம், நாட்டுச் சர்க்கரை | கசடு, மழையில் ஆபத்து | சீக்கிரம் | அதிகம் | நடுத்தரம் | அவசரத்துக்கு ஒரு வேளை |
| கருப்பட்டி | கசடு | சீக்கிரம் | அதிகம் | மிக அதிகம் | யாருக்கும் வேண்டாம் |
| சொந்தத் தேன் அடை | மிக நன்று | மூடியிட்டது புளிக்காது | அடை உடைந்தால் மட்டும் | விற்காத தேனின் விலை | சில பெட்டி மட்டும் உள்ளவருக்கு |
| கடைத் தேன் | நோய் வரலாம் | மாறும் | அதிகம் | அதிகம் | கூடவே கூடாது |

## கரைக்கும் விகிதம்

ஒன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா என்பதில்தான் அடுத்த குழப்பம். ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று கரைத்தால் சுமார் 1.6 லிட்டர் பாகு வரும். பூந்தேனை ஒத்திருப்பதால் உடனே குடிக்கும், ராணி முட்டையிடுவதையும் தூண்டும். நம் சமவெளிக்கு இதுவே போதும். ஒரு பெட்டிக்கு ஒரு தடவைக்கு 200 மில்லி, வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை. மழை நிற்காத வாரத்தில் இரண்டு.

இரண்டுக்கு ஒன்று கெட்டிப் பாகு. தேனீ அதைக் குடிப்பதைவிட அறைகளில் சேமிக்கவே பார்க்கும். புளிப்பதும் மெதுவாகத்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலையூர்களுக்கு இது பொருந்தும். அங்கே மழைக்குப் பின் மார்கழி, தை இரவுக் குளிர், காப்பி பூக்கும் பங்குனி வரை பஞ்சம் நீளும். மழை தொடங்கும் முன்பே இருப்பாக ஏற்றிவிட வேண்டும். அந்தக் குளிரில் ஆறிப்போன பாகைத் தேனீ தொடாது. பிற்பகல் வெயில் இருக்கும்போதே வெதுவெதுப்பாக வையுங்கள்.

சீனியைக் கரைக்காமல் அப்படியே கொட்டிவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பலமில்லாத கூட்டம் அதைக் குப்பை என்று நினைத்துக் குருணை குருணையாக வாசலுக்குத் தள்ளிவிடும். மழைக்கால ஈரத்தில் மிச்சம் கசிந்து எறும்புக்குத்தான் விருந்து.

செய்முறை சிரமமில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கிவிட்டு, அப்புறம் சீனியைப் போட்டுக் கலக்குங்கள். சீனி போட்டபின் அடுப்பில் வைக்காதீர்கள். அடி பிடித்துக் கருகினால் அதுவும் கெடுதல். நன்றாக ஆறியதும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, நாலைந்து ஈர்க்குச்சியைக் குறுக்கே போட்டு, புழு அறைக்கு மேல் வைத்து மூடுங்கள். குச்சி இல்லாவிட்டால் பாகில் விழுந்து மூழ்கும். சமவெளியில் பொழுது சாயும்போது வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்குச் செய்தி போய்விடும். விளக்கு வெளிச்சத்தில் மெல்லத் திறந்து பார்த்தால், சிரட்டை விளிம்பைச் சுற்றித் தலையைக் கவிழ்த்து நெருக்கியடித்துக் குடித்துக்கொண்டிருக்கும். விடியும்முன் சிரட்டை காய்ந்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்த தடவை அளவைக் குறையுங்கள், மிஞ்சியதைத் தோப்பில் கொட்டாதீர்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாலையில் கொடுப்பதும் முக்கியம். ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்கு விட்டால் கொள்ளை தொடங்கும்.

## கணக்கு

200 மில்லி பாகில் சுமார் 125 கிராம் சீனி. பத்துப் பெட்டிக்கு வாரம் இரண்டு தடவை என்றால் இரண்டரை கிலோ. மழைப் பஞ்சத்தை எட்டு வாரம் என்று வைத்தால் 20 கிலோ. அதுவும் எல்லா வாரமும் கொடுக்க வேண்டியிராது. பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள், கனம் தெரிந்தால் அந்த வாரம் விட்டுவிடலாம். மழை விட்டுத் தும்பையும் களைச்செடிகளும் பூத்துவிட்டாலும் நிறுத்திக்கொள்ளலாம். கூட்டத்தோடு ஒரு பெட்டி புதிதாக வாங்கும் செலவுக்குள் பத்துப் பெட்டியின் சீனிச் செலவு அடங்கிவிடும். அதனால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க மட்டச் சீனி தேடி அலைவதில் அர்த்தமில்லை. செலவு உண்மையில் உங்கள் மாலைநேரத்தில்தான் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை தோப்புக்குப் போக முடியாத வெளியூர்க்காரர் என்றால், பெட்டிகளைக் குறைத்துக்கொண்டு தேன் அடையை விட்டுவைக்கும் வழிக்கு மாறுவதே நல்லது.

## எப்போது நிறுத்துவது

தை பிறந்து மாமரம் பூக்கத் தொடங்கியதும் பாகை நிறுத்திவிடுங்கள். தேன் அறையை ஏற்றிய பிறகு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அது நேரே தேன் அடைக்குத்தான் போகும். கரும்புச் சீனியின் கரி அணுக்களில் உள்ள வேறுபாட்டை வைத்து ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சி4 சர்க்கரை எனப்படும் அது தேனில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஆய்வகத்துக்கு அனுப்பாமல் பக்கத்து வீட்டுக்கு மட்டும் விற்றாலும் இதே ஒழுங்குதான். குழந்தைக்கு மருந்தோடு குழைத்துக் கொடுக்க என்று நம்பி வாங்குகிறார்கள்.

தேன் அறை ஏற்றும்போது புழு அறையில் பழைய பாகு இருப்பு நிறையத் தங்கியிருந்தால், அந்த அடையை அடையாளமிட்டுப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுங்கள். கூட்டம் புழு வளர்ப்பதில் அதைச் செலவழித்துவிடும்.